கோடி கொடுத்தாலும் வராத ஆட்டக்காரர்

சென்ற செயற்குழுக் கூட்டம் முடிந்து காப்பிக்காகக் காத்திருந்த வேளையில், மொத்த வியாபாரம் செய்யும் நம் மூத்த உறுப்பினர் அண்ணாச்சி ஒருவர் ஒரு கேள்வி போட்டார். அவருடைய பேரன் விடிந்தால் அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டம்தான் பார்க்கிறானாம். “அங்கே ஒரு ஆட்டக்காரனுக்கு வருஷத்துக்கு அஞ்சு கோடி டாலர் குடுக்கிறானாம். அப்படியும் இந்த ஊருக்கு வரமாட்டேன், அந்த ஊருக்குத்தான் போவேன்னு அடம் பிடிக்கிறானாமே! காசு குடுக்கிற இடத்துல ஊரு என்ன வேண்டிக் கெடக்கு?” என்றார்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் பதில் சொல்ல உட்கார்ந்தபோதுதான், இது விளையாட்டுச் சங்கதி மட்டுமல்ல, விலைச் சங்கதி என்பது புரிந்தது. விலையைப் பற்றி நம் உறுப்பினர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஆகவே நமக்குக் கிடைத்த விவரங்களை இங்கே தருகிறோம்.

என்.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பு பெயரிலேயே ஒரு சங்கம். அணி உரிமையாளர்கள் சேர்ந்து நடத்தும் சங்கம். மொத்தம் 30 அணிகள். 29 அமெரிக்காவில், ஒன்று கனடாவின் டொரண்டோவில். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஏறக்குறைய 1 கோடியே 30 லட்சம் மக்கள் இருக்கிறார்கள். அங்கே இரண்டு அணிகள். மெம்பிஸ், ஓக்லஹோமா சிட்டி வட்டாரங்களில் 13, 14 லட்சம் பேர்தான். அங்கும் ஆளுக்கு ஓர் அணி. சிறு நகரம் என்று அவர்கள் சொல்வது இவற்றைத்தான். மில்வாக்கி, நியூ ஆர்லியன்ஸ், சால்ட் லேக் சிட்டி, சான் அன்டோனியோ ஆகியவையும் இந்த வரிசையில் சேரும்.

சிறு நகரத்து அணியிடம் பணம் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. நாடு முழுவதும் ஒளிபரப்பாகும் ஆட்டங்களுக்கான தொலைக்காட்சிப் பணம் 30 அணிகளுக்கும் சம பங்காகப் பிரிகிறது. 2025-26 பருவத்தில் தொடங்கிய 11 ஆண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 7,600 கோடி டாலர். உள்ளூர் தொலைக்காட்சி, டிக்கெட், விளம்பரம் ஆகியவற்றில்தான் பெரிய நகரம் முந்திக்கொள்கிறது. ஆக, சம்பளம் கொடுக்க எல்லோராலும் முடியும். பிறகு எங்கே இடிக்கிறது?

உறையில் அச்சிட்ட விலை

1984-85 பருவத்திலிருந்து ஓர் அணி ஆட்டக்காரர்களுக்குத் தரும் மொத்தச் சம்பளத்துக்கு உச்சவரம்பு உண்டு. அன்று அது அணிக்கு 36 லட்சம் டாலர். 2025-26இல் 15 கோடியே 46 லட்சம் டாலர். சொந்த ஆட்டக்காரரைத் தக்கவைத்துக்கொள்ள வரம்பைத் தாண்டலாம் என்று சில விலக்குகளும் உண்டு. ஆனால் 1999க்கு முன்பு வரை, தனி ஓர் ஆட்டக்காரருக்கு இவ்வளவுக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற விதி இல்லை.

அந்தக் காலத்தில் நடந்த ஒன்றைப் பாருங்கள். மினசோட்டா குளிருக்குப் பேர்போன மாநிலம். அந்த அணியில் கெவின் கார்னெட் என்ற 21 வயது இளைஞர் இருந்தார். பெரிய நகரத்து அணிகள் கொத்திக்கொண்டு போகுமுன் அவரைக் கட்டிப்போட வேண்டும். 1997இல் உரிமையாளர் 6 ஆண்டுகளுக்கு 12 கோடியே 60 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம் போட்டார். கார்னெட் குளிரைப் பொறுத்துக்கொண்டு 2007 வரை அங்கேயே ஆடினார். எந்த வியாபாரியும் செய்வதுதான்: கடை ஓரத்தில் இருந்தால் ஆளுக்குக் கூடக் கொடுத்து வைத்துக்கொள்வது.

மற்ற உரிமையாளர்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. ஓர் இளைஞருக்கே இவ்வளவு என்றால் நாளை என்ன ஆகும்? 1998-99இல் அவர்கள் கதவடைப்பு செய்தார்கள்; 82 ஆட்டங்கள் நடக்க வேண்டிய பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது. கடைசியில் 1999 ஜனவரியில் ஏற்பட்ட உடன்பாட்டில் தனிநபர் சம்பளத்துக்கும் உச்சவரம்பு வந்தது. இன்றைய விதிப்படி அது அணி வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம். அனுபவத்தைப் பொறுத்து மாறும். பத்தாண்டு அனுபவமுள்ள முதல் தர ஆட்டக்காரர் 2025-26இல் புதிதாக ஒப்பந்தம் போட்டால் முதல் ஆண்டுக்குச் சுமார் 5 கோடியே 41 லட்சம் டாலர். அண்ணாச்சி சொன்ன அஞ்சு கோடி இதுதான்.

இதில்தான் சூட்சுமம். லாஸ் ஏஞ்சல்ஸும் அதே 5 கோடியே 41 லட்சம்தான் கொடுக்க முடியும், மெம்பிஸும் அதேதான். உறையில் விலை அச்சிட்ட சோப்பை நாம் எல்லோரும் அதே விலைக்கு விற்கும்போது வாடிக்கையாளர் விலையைக் கேட்பதில்லை. எந்தக் கடை பஸ் நிறுத்தத்துக்குப் பக்கம், எங்கே வண்டி நிறுத்த இடம் இருக்கிறது, எந்தக் கடைக்காரர் முகம் கொடுத்துப் பேசுகிறார் என்றுதான் பார்க்கிறார். இங்கே ஆட்டக்காரர்தான் வாடிக்கையாளர், ஊர்தான் கடை. ஓரத்துக் கடைக்காரர் கையில் இருந்த ஒரே ஆயுதம் கூடுதல் பணம். செலவைக் கட்டுப்படுத்துகிறோம் என்று கிளம்பிய உரிமையாளர்கள், தங்களில் இளைத்தவரின் கையிலிருந்தே அதைப் பிடுங்கிவிட்டார்கள். சொந்த அணி மட்டும் ஓராண்டு கூடுதலாகவும் (5 ஆண்டு, மற்றவர் 4), ஆண்டு உயர்வு சற்று அதிகமாகவும் (8 சதவீதம், மற்றவர் 5) கொடுக்கலாம் என்று ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள். இருபதுகளில் இருக்கும் ஒருவருக்கு அந்த வித்தியாசம் பெரிதாகப் படுவதில்லை.

பில்லில் வராத சங்கதிகள்

சம்பளம் ஒன்றாகிவிட்டால் எதைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

முதலில் வரியைச் சொல்லிவிடுவோம், நம் உறுப்பினர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள். டெக்சாஸ், புளோரிடா, டென்னஸி மாநிலங்களில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி கிடையாது. கலிபோர்னியாவில் மேல்மட்ட வருமானத்துக்கு 13 சதவீதத்துக்கும் மேல். கணக்குப் போட்டால் லாஸ் ஏஞ்சல்ஸை விட்டு மெம்பிஸுக்கு ஓட வேண்டும். ஓடுவதில்லை. ஒரு காரணம், ஆட்டங்களில் பாதி வெளியூரில். எந்த மாநிலத்தில் போய் ஆடுகிறாரோ, அந்த நாட்களின் சம்பளத்துக்கு அந்த மாநிலம் வரி கேட்கும். வருமான வரி இல்லாத டென்னஸிகூடச் சும்மா இருக்கவில்லை. அங்கே வந்து ஆடுபவரிடம் ஆட்டத்துக்கு 2,500 டாலர் வீதம், ஆண்டுக்கு மூன்று ஆட்டங்கள் வரை, தொழில் வரி வசூலித்துக்கொண்டிருந்தது. கூடைப்பந்துக்காரர்களுக்கு 2016இல்தான் நீக்கினார்கள். தொழில் வரி நம்மை மட்டும் படுத்துவதில்லை என்று அறிவதில் ஓர் ஆறுதல்.

அடுத்தது பெயர். ஷகீல் ஓ’நீல் 1992இல் புளோரிடாவின் ஆர்லண்டோ அணியில் சேர்ந்தவர். ஏழடி உயரம். 1996இல் ஒப்பந்தம் முடிந்தது. அப்போது தனிநபர் வரம்பு வரவில்லை. ஆர்லண்டோ பேரம் பேசிக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து உள்ளூர் நாளிதழ் ஒன்று, இவருக்கு 11 கோடியே 50 லட்சம் டாலர் தகுமா என்று வாசகர்களைக் கேட்டது. பத்தில் ஒன்பது பேர் தகாது என்றார்கள்! லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணி 7 ஆண்டுகளுக்குச் சுமார் 12 கோடி டாலரை எடுத்து வைத்தது. ஓ’நீல் போய்விட்டார். ஏற்கெனவே இசைத்தட்டு வெளியிட்டவர், சினிமாவில் நடித்தவர். ஹாலிவுட் இருக்கும் ஊர் அவரை அழைத்தது ஒரு பக்கம், சொந்த ஊர்க்காரர்கள் கணக்குப் பார்த்தது இன்னொரு பக்கம். வரி இல்லாத மாநிலத்திலிருந்து வரி அதிகமான மாநிலத்துக்குப் போனார் என்பதையும் கவனிக்க வேண்டும். 2000 முதல் 2002 வரை மூன்று முறை தொடர்ந்து கோப்பை வென்றார்.

உடன் ஆடுபவர்கள் யார் என்பதும் பெரிய விஷயம். மற்றொன்று, வாழ்க்கை. பருவம் அக்டோபரில் தொடங்குகிறது. ஆட்டங்களில் பெரும்பகுதி பனிக்காலத்தில். மில்வாக்கியில் ஜனவரி மாதம் எப்படி இருக்கும் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆட்டக்காரர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். யூட்டா மாநிலத்தின் சால்ட் லேக் சிட்டியில் கறுப்பின மக்கள் மிகக் குறைவு. மனைவி மக்களோடு குடியேறும் ஒருவர், நம் ஆட்கள் இங்கே இருக்கிறார்களா, நம்மை எப்படிப் பார்ப்பார்கள் என்று யோசிப்பது இயல்பு. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போய்க் கடை போட்ட குடும்பங்கள் நம் சங்கத்தில் எத்தனையோ உண்டு. அவர்களுக்கு இது விளக்காமலே விளங்கும்.

இந்த இடத்தில் ஆட்டக்காரர் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். அவர் முதலில் எந்த ஊரில் ஆட வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. கல்லூரியிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வரும் இளைஞர்களை அணிகள் முறை வைத்து எடுக்கின்றன. இதற்கு டிராஃப்ட் என்று பெயர். மோசமாக ஆடிய அணிகளுக்கு முன்னுரிமை. முதல் இடங்கள் 1985 முதல் குலுக்கலில் முடிவாகின்றன. எந்த அணி பெயர் சொல்கிறதோ அங்கேதான் போக வேண்டும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவரை நான்கு ஆண்டுகள் அணி தன் கையில் வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகும், வேறு அணி கேட்கும் விலையைத் தானே கொடுத்து நிறுத்திக்கொள்ள உரிமை உண்டு. நல்ல ஆட்டக்காரர்கள் பலர் அடுத்த நீண்ட ஒப்பந்தத்தையும் அங்கேயே போட்டுவிடுவதால், வாய் திறந்து ஊர் கேட்கவே ஏழெட்டு ஆண்டுகள் ஆகும். லெப்ரான் ஜேம்ஸ் கிளீவ்லாண்டில் ஏழு ஆண்டுகள். கெவின் டுராண்ட் ஒன்பது ஆண்டுகள். முதல் ஆண்டு சியாட்டிலில், பிறகு அணியோடு ஓக்லஹோமா சிட்டியில். அந்தோணி டேவிஸ் நியூ ஆர்லியன்ஸில் ஏழு ஆண்டுகள். டேவிஸ் தரப்பு 2019 ஜனவரியில் என்னை வேறு அணிக்கு மாற்றுங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டது. அதற்கு 50,000 டாலர் அபராதம். அபராதத்தைக் கட்டிவிட்டு அந்த ஆண்டே லேக்கர்ஸுக்குப் போனார்.

அவ்வளவு காலம் காத்திருக்காதவரும் உண்டு. 1999இல் ஸ்டீவ் ஃபிரான்சிஸ் என்ற இளைஞரைக் கனடாவின் வான்கூவர் அணி இரண்டாவது ஆளாக எடுத்தது. வீடு தூரம், வரி அதிகம், விளம்பர வாய்ப்பு குறைவு என்று அவர் போகவே மறுத்தார். வான்கூவர் அழகான பெரிய நகரம்தான்; ஆனால் ஆட்டக்காரர் கண்ணுக்கு அது ஓரத்துக் கடை. மூன்று அணிகள், 11 ஆட்டக்காரர்கள் சம்பந்தப்பட்ட மாற்றலில் அவரை ஹூஸ்டனுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அந்த அணியோ கனடா டாலரில் வசூலித்து அமெரிக்க டாலரில் சம்பளம் கொடுத்துவந்தது. அன்று கனடா டாலர் மிகவும் இறங்கிக் கிடந்தது. 1995இல் தொடங்கிய அணி, ஆறே பருவங்களில், 2001இல் மெம்பிஸுக்குப் பெட்டி கட்டியது. ஃபிரான்சிஸ் ஒருவரால் அணி போனது என்று சொல்வது சரியாகாது. ஆனாலும் வர மாட்டேன் என்று ஒருவர் ஊரறியச் சொல்லிவிட்ட பிறகு டிக்கெட் விற்பது எவ்வளவு சங்கடம் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

அரங்கத்தைச் சுற்றியுள்ள கடைகள்

நம்மை அதிகம் யோசிக்க வைத்தது கிளீவ்லாண்ட் கதைதான். லெப்ரான் ஜேம்ஸ் பக்கத்து ஊரான ஆக்ரனில் பிறந்தவர். 2003இல் குலுக்கலில் முதல் இடம் கிளீவ்லாண்டுக்கு விழ, உள்ளூர்ப் பிள்ளையே கிடைத்தார். 2009-10இல் அணி 61 ஆட்டங்களில் வென்றது. 2010 ஜூலை 8 அன்று அவர் தொலைக்காட்சியில் தோன்றி, மயாமிக்குப் போகிறேன் என்று அறிவித்தார். கடற்கரை, வருமான வரி இல்லாத மாநிலம், கூட ஆட டுவெய்ன் வேடும் கிறிஸ் பாஷும். கிளீவ்லாண்டில் அவர் பெயர் போட்ட சட்டைகளைத் தெருவில் எரித்தார்கள். அடுத்த பருவம் அணி வென்றது 19 ஆட்டங்கள். இடையில் தொடர்ந்து 26 தோல்வி.

2014இல் அவர் திரும்பி வந்தார். 2016இல் கிளீவ்லாண்டுக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். 2018இல் லேக்கர்ஸுக்குப் போனார். இந்த வரவையும் போக்கையும் வைத்து டேனியல் ஷோக், ஸ்டான் வூகர் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் ஓர் ஆய்வு செய்தார்கள். அவர் ஆடும் அரங்கத்திலிருந்து ஒரு மைல் சுற்றளவில் உணவகங்கள், மதுக்கடைகளின் எண்ணிக்கை சுமார் 13 சதவீதமும், அங்கே வேலை செய்வோர் எண்ணிக்கை சுமார் 23.5 சதவீதமும் கூடுகிறது என்று கண்டார்கள். தூரம் போகப் போக அந்தப் பலன் வேகமாகத் தேய்ந்துவிடுகிறதாம்.

இதைப் படித்ததும் நமக்கு நினைவில் வந்தது கோயில் வாசல் கடைகள்தான். ஆண்டுக்கு 41 ஆட்டங்கள் சொந்த அரங்கில். ஒவ்வொன்றும் ஒரு திருவிழா மாதிரி. அதை நம்பி அடுப்பு வாங்கியவர், ஆள் வைத்தவர், வாடகை முன்பணம் கட்டியவர் எத்தனை பேர்! ஆட்டக்காரர் ஊர் மாறினால் அவருக்குச் சம்பளம் குறைவதில்லை. உரிமையாளருக்குத் தொலைக்காட்சிப் பங்கு வந்துகொண்டே இருக்கும். தட்டு கழுவும் ஆளுக்குத்தான் முதலில் வேலை போகும்.

சிறு நகரத்தின் கொள்முதல்

முதல் தரச் சரக்கு வராது என்று தெரிந்த அணி என்ன செய்யும்? இரண்டாம் தரத்துக்கு முதல் தர விலை கொடுக்கும். 2016இல் அணி வரம்பு ஒரே கோடையில் 7 கோடி டாலரிலிருந்து 9 கோடியே 41 லட்சத்துக்கு எகிறியது. பெரிய அணிகளிடம் திடீரென்று இடம் கிடைத்தது. டுராண்ட் அந்தக் கோடையில்தான் ஓக்லஹோமாவை விட்டு, ஏற்கெனவே 73 ஆட்டங்கள் வென்றிருந்த கோல்டன் ஸ்டேட் அணிக்குப் போனார். அதே கோடையில் மெம்பிஸ், முழங்கால் தொல்லை இருந்த சாண்ட்லர் பார்சன்ஸுக்கு 4 ஆண்டுகளுக்குச் சுமார் 9 கோடியே 40 லட்சம் டாலர் கொடுத்தது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மூன்று பருவங்களில் அவர் ஆடியது 95 ஆட்டங்கள் மட்டுமே.

பெரிய நகரம் என்றால் எல்லாம் தானாக வந்து குவியும் என்றும் இல்லை. நியூயார்க் நிக்ஸ் அணி 1973இல் கோப்பை வென்றபின் 2025 வரை வெல்லவில்லை. நிர்வாகம் சரியில்லாத காலங்களில் பெரிய ஆட்டக்காரர்கள் அந்தப் பக்கமே தலைவைக்கவில்லை. 2019இல் டுராண்ட் நியூயார்க் நகரத்துக்கே வந்தும், சேர்ந்தது ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் புரூக்ளின் அணியில். மறுபக்கம் சான் அன்டோனியோவின் டிம் டங்கன். 2000இல் ஆர்லண்டோ வருந்தி அழைத்தும் போகாமல், 19 பருவங்களும் அங்கேயே ஆடி ஐந்து கோப்பை வாங்கினார். மில்வாக்கி 2013இல் 15ஆவது ஆளாக எடுத்த கிரீஸ் நாட்டுப் பையன் யானிஸ் ஆண்டெடொகூன்போ, 2020 டிசம்பரில் அங்கேயே 5 ஆண்டுகளுக்குச் சுமார் 22 கோடியே 80 லட்சம் டாலருக்குக் கையெழுத்திட்டு, 2021இல் கோப்பை வாங்கிக் கொடுத்தார்.

ஓக்லஹோமா சிட்டி கையாண்ட வழி வேறு. 2019இல் பால் ஜார்ஜ் தன்னை மாற்றச் சொன்னபோது, கிளிப்பர்ஸ் அணியிடம் ஒரு விலை சொன்னார்கள்: ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர் என்ற இளைஞர், கூட வரப்போகும் ஆண்டுகளின் ஐந்து முதல் சுற்று டிராஃப்ட் வாய்ப்புகள். போகிறவரைப் பிடித்து நிறுத்தாமல், போகும்போதே முழு விலையையும் வாங்கிக்கொண்டார்கள். அந்த வாய்ப்புகளில் ஒன்றில் 2022இல் கிடைத்தவர் ஜாலன் வில்லியம்ஸ். 2024இல் நியூயார்க்கில் ஆடிக்கொண்டிருந்த ஐசாயா ஹார்ட்டன்ஸ்டைனுக்கு, நியூயார்க் விதிப்படி கொடுக்க முடிந்ததை விட அதிகமாக, 3 ஆண்டுகளுக்கு 8 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து அழைத்தார்கள். அவரும் நியூயார்க்கை விட்டு வந்தார். உச்ச விலையைத் தொடாத ஆட்டக்காரரிடம் பணம் இன்னும் பேசுகிறது. 2025இல் இறுதிச் சுற்றில் மோதிய இரண்டு அணிகளுமே சிறு நகரத்து அணிகள். ஏழு ஆட்டங்களில் இந்தியானாவை வென்று ஓக்லஹோமா கோப்பையை எடுத்தது. அந்தக் கோடையிலேயே கில்ஜியஸ்-அலெக்சாண்டர், வில்லியம்ஸ், சேட் ஹோம்கிரன் மூவரும் புதிய நீண்ட ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டார்கள்.

ஆட்டக்காரர் மட்டுமா, அணியே ஊரை விட்டுப் போகும் என்பதும் ஓக்லஹோமாவுக்கு நன்றாகத் தெரியும். அவர்களுடைய அணி 41 ஆண்டுகள் சியாட்டிலில் இருந்தது. புதிய அரங்கத்துக்கு அங்கே அரசுப் பணம் கிடைக்காததால் 2008இல் இங்கே வந்தது. ஆகவே 2023 டிசம்பரில் ஓக்லஹோமா சிட்டி மக்களிடம் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்கம். அணி போடுவது 5 கோடி. மற்றதில் பெரும்பகுதி டாலருக்கு ஒரு சென்ட் விற்பனை வரி மூலம், ஆறு ஆண்டுகளுக்கு. புதிய வரி என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இருக்கும் ஒரு சென்ட் வரி 2028இல் முடிந்ததும் அதே அளவில் இது தொடரும். பதிலுக்கு அணி 25 ஆண்டுகள் ஊரை விட்டுப் போகாது. வாக்களித்தோரில் 70 சதவீதத்துக்கு மேற்பட்டோர் சரி என்றார்கள்.

மளிகைச் சாமானுக்கான மாநில விற்பனை வரியை ஓக்லஹோமா 2024 ஆகஸ்டில் எடுத்துவிட்டது. நகர வரியை எடுக்கவில்லை. ஆகவே அந்த ஊரில் நூறு டாலருக்கு மளிகை வாங்குபவர், ஆட்டமே பார்க்காதவரானாலும், ஒரு டாலர் அரங்கத்துக்குக் கொடுப்பார்.

கட்டுரையை அச்சுக்கு அனுப்புமுன் அண்ணாச்சியிடம் படித்துக் காட்டினோம். ஆட்டக்காரர் சங்கதியையெல்லாம் தலையாட்டிக் கேட்டவர், கடைசியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அந்த ஒரு டாலரை வசூல் பண்ணிக் கட்டுறது கடைக்காரன்தானா?” என்றார். ஆமாம் என்றோம்.